வட்டத்துக்குள் ஒரு புள்ளி

மூடியக்கா என்கிற பெயர் அவள் காதில் முதன்முதலாக விழுந்தது டயர் கடை வாசலில்தான். ஆறு வருடமாகத் தெரு முழுக்க அவள் முதுகுக்குப் பின்னால் அந்தப் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. அவளுக்கு மட்டும் தெரியாது. மழை விட்ட மறுநாள் காலை, தோளில் துணிப்பையும் கையில் டார்ச்சுமாக அவள் கடையை நெருங்கியபோது, டயர்க்காரர் தன் தம்பியைப் பார்த்து உரக்கச் சொன்னார்.

“டேய், மூடியக்கா வந்துட்டாங்க. எல்லாத்தையும் மூடு. முதல்ல உன் வாயை மூடு.”

பஞ்சர் ஒட்ட வந்து நின்ற நாலு பேர் சிரித்தார்கள். அவளுக்குக் காது மடல் வரை சூடேறியது.

அவள் வேலை அப்படிப்பட்டது. அங்கே குழாயில் நாலு நாளைக்கு ஒரு தடவைதான் தண்ணீர் வரும். அதனால் வீட்டுக்கு வீடு டிரம், தொட்டி, அண்டா. எந்த வாசலில் போய் நின்றாலும் அவள் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை, “டிரம்முக்கு மூடி எங்கே?” என்பதுதான். சாப்பிட்டீர்களா, சௌக்கியமா என்பதெல்லாம் அப்புறம். புருஷன் போய்ச் சேர்ந்த மறுவருடம், அவனுடைய பெரியப்பா மகன் ஒருவர் சுகாதார அலுவலகத்தில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் சொல்லித்தான் கொசு ஒழிப்பு வேலை அவளுக்குக் கிடைத்தது. ஒரு டார்ச், நீளக் காம்பு வைத்த கரண்டி, வெள்ளைத் தட்டு, சாக்பீஸ். அவ்வளவுதான் ஆயுதம். தண்ணீரை மொண்டு தட்டில் ஊற்றினால் வெள்ளையில் புழு நெளிவது தெரிந்துவிடும். புழு இல்லையென்றால் வாசல் சுவரில் தேதி எழுதி ஒரு வட்டம் போடுவாள். இருந்தால் வட்டத்துக்குள் ஒரு புள்ளி. அந்தப் புள்ளிக்குத் தெருவே பயந்தது. அலுவலகத்து நோட்டீஸைக்கூடக் கிழித்துப் போட்டுவிடலாம், எதிர் வீட்டுக்காரி கண்ணில் பட்ட புள்ளியை என்ன செய்வது?

செவ்வாய்க்கிழமைதோறும் அவள் போடும் முதல் வட்டம் தன் வீட்டு வாசலில். கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகும் அதே கையோடு தேதியை எழுதி வட்டத்தை இழுத்துவிடுவாள். கரண்டியும் தட்டும் பையை விட்டு வெளியே வருவது அடுத்த வீட்டில்தான். ஊர்த் தொட்டியைப் பார்க்கிறவள் வீட்டுத் தொட்டியை யார் பார்ப்பது? அவள் மட்டுமில்லை, அலுவலகத்தில் அந்த வேலை செய்த அத்தனை பேரும் அப்படித்தான். தன் வீட்டு வட்டத்தைக் குனிந்து பார்த்துவிட்டுப் போட்டவர் ஒருவர்கூட இல்லை.

ஆனால் மற்றவர்களுக்கு இல்லாத ஒரு பயம் அவளுக்கு இருந்தது. அவளுக்கு அடுத்துப் பிறந்த தங்கை பதினாலு வயதில் காய்ச்சலில் போனவள். நாலு நாள் அடுப்பாகக் கொதித்த உடம்பு ஐந்தாம் நாள் காலையில் குளிர்ந்தது. வீடே மூச்சு விட்டது. அப்பா வேலைக்குக் கிளம்பிப் போனார். சின்ன அத்தை, “பொண்ணு பொழச்சுக்கிச்சு” என்று சொல்லித் தலையை வாரிவிட உட்கார்ந்தாள். பின்னல் முடிவதற்குள் தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பாதிப் பின்னலோடுதான் தூக்கிப் போனார்கள். அன்றைக்கு அந்தக் காய்ச்சலின் பெயர் யாருக்கும் தெரியாது. வேலையில் சேர்ந்தபோது நடந்த பயிற்சியில்தான் அவள் டெங்கு என்ற பெயரைக் கேட்டாள். காய்ச்சல் விடுகிற நேரம்தான் ஆபத்து என்று அங்கே ஒரு டாக்டரம்மா சொன்னபோது, கூட இருந்தவர்கள் எழுதிக்கொண்டார்கள். அவளுக்குக் காது அடைத்தது.

அந்தப் பயத்தோடுதான் அன்றைக்கு டயர் கடை வாசலில் நின்றாள். வெளியே அடுக்கியிருந்த பழைய டயர் ஒன்றில் கரண்டியை விட்டாள். தட்டில் ஊற்றி நீட்டினாள்.

“இது என்னங்க?”

டயர்க்காரர் எட்டிப் பார்த்தார். “மீன் குஞ்சுக்கா. வளரட்டும், குழம்பு வெச்சா உங்களுக்கும் ஒரு கிண்ணம் குடுத்து விடுறேன்.”

மறுபடியும் சிரிப்பு. கடைக் கதவில் தேதி எழுதி, வட்டம் போட்டு, நடுவில் சாக்பீஸ் உடையும்படி ஒரு புள்ளியை அழுத்தினாள்.

“நல்லா வைங்க. கொசுவுக்கு வழி தெரிய வேணாமா?” என்றார் அவர். ஆனாலும் சொன்னதற்கு மறுநாள், தம்பியை விட்டு டயர்களையெல்லாம் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டி, உள்ளே ஏற்றிவிட்டார். அதை அவள் கவனிக்காமல் இல்லை. கவனித்தும் மனம் ஆறவில்லை.

அடுத்த வாரம் அலுவலகத்திலிருந்து டிரம்முக்குப் போடும் பிளாஸ்டிக் மூடிகள் வந்து இறங்கின. கைவிரல் ஆழத்துக்கு விளிம்பு வைத்த நீல மூடிகள், நாற்பது. தன் தெருவில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தாள். பின் தெருவில், அவள் வீட்டுக்கு நேர் பின்னால் டயர்க்காரர் வீடு இருக்கும் வரிசைக்கு மட்டும் போகவில்லை. அந்த வரிசைக்கென்று ஏழு மூடி மிஞ்சியது. டயர்க்காரர் மனைவி ஒருநாள் குழாயடியில் கேட்டாள்.

“அக்கா, மூடி வந்திருக்காமே? எங்க டிரம்மு துணியைக் கட்டித்தான் கெடக்கு. துணியும் மக்கிப் போச்சு.”

“தீர்ந்து போச்சேம்மா. அடுத்த தடவை வரட்டும்.”

பொய் சொல்கிற நாக்கு அவளுடையது இல்லை. ஆனால் அன்றைக்குத் தடங்கல் இல்லாமல் வந்தது. அந்த மனுஷனே வாயைத் திறந்து கேட்கட்டும், அக்கா என்று மரியாதையாக வந்து நிற்கட்டும், அப்புறம் கொடுப்போம் என்று ஏழு மூடியையும் வீட்டுப் பின்பக்கம், துணி துவைக்கிற கல்லுக்கு அந்தண்டை சுவரோரமாக வைத்தாள். வைத்ததோடு சரி.

அந்த மாதம்தான் மகள் வந்தாள், ஏழு மாதக் கர்ப்பம். மருமகன் தூரப் பயண லாரி ஓட்டுகிறவன், வீடு தங்கமாட்டான். தனியாகக் கிடக்க வேண்டாமென்று இவளே கூட்டிக்கொண்டு வந்தாள். மகள் கையில் எப்போதும் ஊசியும் நூலும் இருக்கும். உள்ளே புழுக்கமாக இருக்கிறதென்று பகலெல்லாம் பின்பக்கம் ஒரு முக்காலியைப் போட்டு, பிறக்கப்போகும் பிள்ளைக்குச் சட்டை தைத்துக்கொண்டிருப்பாள்.

“காலைக் கடிக்குதும்மா. பட்டப்பகல்ல கடிக்குது.”

“எல்லாம் டயர் கடைக் கொசு. அந்த ஆளுக்குச் சொன்னா ஏறுதா? காலை மூடி உட்காரு” என்பாள் மூடியக்கா, அவசர அவசரமாகப் பையை மாட்டிக்கொண்டே.

இரண்டு வாரம் கழித்து டயர்க்காரர் தம்பி காய்ச்சலில் விழுந்தான். டெங்குதான் என்று தெரிந்ததும் அவள் அந்த வீட்டு வாசலிலேயே நின்று சொன்னாள், காய்ச்சல் விட்டதும் எழுந்து கடைக்குப் போகவிடாதீர்கள், அந்த இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருக்கட்டும் என்று. கேட்டார்கள். பிழைத்துக்கொண்டான். அதற்கும் இரண்டு வாரம் கழித்து, ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், மகள் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, “கண்ணுக்குப் பின்னாடி வலிக்குதும்மா” என்றாள்.

மூடியக்கா ஓடி வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மறுநாள் விடிந்ததும் ரத்தம் பரிசோதித்தார்கள். அதேதான். டாக்டர் கொடுத்த மாத்திரையைத் தவிர வேறெதுவும் கொடுக்கக்கூடாது, நிறையத் தண்ணீர் குடிக்கவேண்டும், தினம் வந்து ரத்தம் பார்க்கவேண்டும் என்றார்கள். மூடியக்கா வேலைக்கு லீவு போட்டாள். கஞ்சித் தண்ணீரும் உப்புச் சர்க்கரைத் தண்ணீரும் மாற்றி மாற்றிப் புகட்டினாள். மகள் தலையைத் தொடுவதும் தன் கையைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்ப்பதுமாக நாள் போனது. சூடு இருந்தால் பயம். சூடு இறங்குமே என்பது அதைவிடப் பெரிய பயம். தெருவில் எல்லோரும் காய்ச்சல் விடவேண்டுமென்று வேண்டிக்கொள்வார்கள். அவள் ஒருத்திதான் அது விடப்போகும் நேரத்தை நினைத்து நடுங்கிக்கொண்டிருந்தாள்.

ஐந்தாம் நாள் காலை, சம்பந்தியம்மா வந்தாள். மருமகனின் அம்மா, மனதில் கள்ளம் இல்லாதவள், குரல் மட்டும் நாலு வீட்டுக்குக் கேட்கும். மருமகளின் நெற்றியைத் தொட்டாள். முகம் மலர்ந்தது.

“சம்பந்தி! வந்து பாருங்க. ஜில்லுன்னு இருக்கு. காய்ச்சல் ஓடிப்போச்சு!”

அடுப்படியிலிருந்து வந்த மூடியக்கா நெற்றியைத் தொடவில்லை. நேரே பாதத்தைத் தொட்டாள். பாதம் சில்லிட்டுக் கிடந்தது.

“தலையெல்லாம் சிக்காக் கெடக்கு. சீப்பு எங்கே? வாரிப் பின்னிவிடுறேன்” என்று சம்பந்தியம்மா கட்டிலில் உட்கார்ந்தாள்.

“வேண்டாம்!”

மூடியக்கா போட்ட சத்தத்தில் சம்பந்தியம்மா கையிலிருந்த சீப்பு விழுந்தது. “ஏங்க, தலைவாரத்தானே கேட்டேன்?”

“தொடாதீங்க சம்பந்தி. உங்க காலைப் பிடிச்சுக் கேட்கிறேன், அவ தலையைத் தொடாதீங்க.” மகள் பக்கம் குனிந்தாள். “வயிறு வலிக்குதா? மறைக்காம சொல்லு.”

“லேசா… மேல் வயித்துல. குழந்தை உதைக்குதுன்னு நினைச்சேன். ஈறுல ரத்தம் வேற வருதும்மா.”

அதற்கப்புறம் அவள் எப்படித் தெருவுக்கு வந்தாள் என்பது அவளுக்கே நினைவில்லை. செருப்பில்லை. ஆட்டோ ஒன்றும் கண்ணில் படவில்லை. தெருமுனையில் டயர்க்காரர் தன் லோடு வண்டியில் எதையோ ஏற்றிக்கொண்டிருந்தார். அவளுடைய முகத்தைப் பார்த்தார்; ஒரு கேள்வி கேட்கவில்லை. ஏற்றிய டயர்களை அப்படியே ரோட்டில் உருட்டித் தள்ளிவிட்டு வண்டியைத் திருப்பினார்.

வண்டியில் மகளை மடியில் சாய்த்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். டயர்க்காரர் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினார்.

“பயப்படாதீங்கக்கா. என் தம்பிக்குக் காய்ச்சல் விட்டப்போ நீங்க சொன்னது மட்டும் இல்லேன்னா, நாங்க அவனைக் கடைக்கு அனுப்பியிருப்போம். உங்க வார்த்தையாலதான் அவன் இருக்கான்.”

அவளுக்கு அந்த வார்த்தை ஆறுதலாக இல்லை. முள்ளாகக் குத்தியது.

ஆஸ்பத்திரியில் உடனே சேர்த்துக்கொண்டார்கள். ஊசி குத்தி நீர் ஏற்றினார்கள். நர்ஸ் மணிக்கொரு தரம் நாடி பிடிப்பதும், வயிற்றில் கருவியை வைத்துக் குழந்தையின் துடிப்பைக் கேட்பதுமாக இருந்தாள். டாக்டர் வந்து, “ரத்தத்துல பிளேட்லெட், அதான் தட்டணு, குறைஞ்சுக்கிட்டே வருது. குழந்தை துடிப்பு இப்போதைக்கு நல்லா இருக்கு. இந்த ரெண்டு நாளைத் தாண்டணும்” என்றார். இப்போதைக்கு என்ற வார்த்தையை அவள் திரும்பத் திரும்ப வாய்க்குள் உருட்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு, மாற்றுத் துணி எடுத்து வருவதற்காகச் சம்பந்தியம்மாவைக் காவலுக்கு வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். துணியை மடித்துப் பையில் வைக்கும்போது டயர்க்காரர் நினைவு வந்தது. செய்த உதவிக்குக் கையில் கொடுக்க என்ன இருக்கிறது அவளிடம்? மூடிதான் இருக்கிறது. கேட்டபோது இல்லையென்று சொன்ன மூடி. போகிற வழியில் கொடுத்துவிட்டுப் போவோம் என்று பின்கதவைத் திறந்தாள்.

ஏழு மூடியும் வைத்தபடியே இருந்தன. குப்புற அடுக்காமல், கவிழ்க்காமல், ஏழும் வாயைத் திறந்தபடி வரிசையாகச் சுவரில் அரைகுறையாகச் சாய்ந்து, சரிந்து, தாம்பாளமாக மழைத் தண்ணீரை ஏந்திக்கொண்டிருந்தன. ஆறு வாரத்து மழை. பக்கத்தில் ஒரு முழம் தள்ளி மகளின் முக்காலி. அதன் காலடியில் ஒரு நூல்கண்டு.

அவள் குனியவில்லை. திரும்பிப் போய்ப் பையிலிருந்து கரண்டியையும் தட்டையும் எடுத்துக்கொண்டு வந்தாள். அந்நியர் வீட்டில் பார்ப்பதுபோல முதல் மூடியில் கரண்டியை விட்டு மொண்டாள். தட்டில் ஊற்றினாள். வெள்ளையில் புழு நெளிந்தது. ஒன்றிரண்டு இல்லை. இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதை மொள்ளும்போது தண்ணீர் தளும்பிக் காலில் விழுந்தது. கால் கூசியது. அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள்.

காலைக் கடிக்குதும்மா என்று மகள் சொன்னது காதுக்குள் கேட்டது. டயர் கடைக் கொசு என்று தான் சொன்னதும் கேட்டது.

பின்பக்கத்தில் யாருமில்லை. ஏழு மூடியையும் வெயில் அடிக்கிற சிமெண்டுத் தரையில் கவிழ்த்தால் தீர்ந்தது. கவிழ்த்தாள். தண்ணீர் ஓடி, தேங்கி, மெல்லச் சுருங்கியது. புழுக்கள் துள்ளிக் காய்ந்தன. ஒட்டியிருக்கும் முட்டை போகவேண்டுமென்று விளிம்பு விளிம்பாகப் பிரஷ் போட்டுத் தேய்த்தாள். கால் மணி நேரத்தில் தரையும் காய்ந்துவிட்டது. இனி அந்த இடத்தில் என்ன இருந்ததென்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. வாசலில் வந்து கதவைப் பூட்டினாள். சுவரில் செவ்வாய்க்கிழமைகள் வரிசையாக இருந்தன. எல்லாம் சுத்தமான வட்டம். எல்லாம் அவள் கையெழுத்து.

பையிலிருந்து சாக்பீஸை எடுத்தாள். கடைசி வட்டத்துக்குள் ஒரு புள்ளி வைத்தாள். அப்புறம் அதற்கு முந்தியதில். அப்புறம் அதற்கும் முந்தியதில். மூடி வந்த வாரம் வரை பின்னோக்கிப் போய் வைத்துவிட்டுத்தான் கையை எடுத்தாள்.

அந்நேரம் பார்த்து மேற்பார்வையாளர் வந்து சேர்ந்தார். டெங்கு கண்ட வீட்டைச் சுற்றி ஐம்பது வீடு பார்க்கவேண்டும் என்பது அலுவலகத்து விதி. மூக்குக் கண்ணாடியைத் தூக்கி வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார்.

“என்னம்மா இது? யார் வெச்சது?”

“நான்தான் சார். பின்பக்கம் மூடியில புழு இருந்துச்சு. ஏழுலயும்.”

அவர் தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “எந்தக் கொசு எந்தத் தண்ணியில பொறந்துச்சுன்னு யாரால சொல்ல முடியும்? பேசாம அழிச்சுடும்மா. மேலிடத்துக்குத் தெரிஞ்சா உங்க வேலைக்கே வம்பு.”

“யாராலயும் சொல்ல முடியாதுதான் சார். அதனாலதான் வெச்சேன்” என்று சொல்லிவிட்டு, ஏழு மூடியையும் இடுப்பில் இடுக்கிக்கொண்டு பின் தெருவுக்கு நடந்தாள்.

டயர்க்காரர் மனைவி வாசலிலேயே இருந்தாள். “பொண்ணு எப்படி இருக்குக்கா? இது என்ன, மூடி வந்துருச்சா?”

“அன்னிக்கே இருந்துச்சும்மா. இல்லேன்னு பொய் சொன்னேன். வெச்ச இடத்துல தண்ணி நின்னு புழு வெச்சிருக்கு. தேய்ச்சுக் கழுவிட்டேன்.”

அந்தப் பெண் மூடியை வாங்கவில்லை. அவள் கண் வீட்டுக்குள் போய், பின்சுவரில் நின்றது.

“அந்தண்டை உங்க துவைக்கிற கல்லு. இந்தண்டை சன்னல். எங்க கொழுந்தன் சன்னலோரம்தான் படுப்பாரு.”

“ஆமாம்மா.”

“ஆமான்னு சொல்றீங்களே அக்கா.”

டயர்க்காரர் மனைவி கையை நீட்டினாள். மூடிகளை வாங்கி, ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, கவிழ்த்து வைத்தாள்.

மூடியக்கா ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது தட்டணு இன்னும் இறங்கியிருந்தது. மகளின் கையில் ஊசி குத்திய இடமெல்லாம் கருநீலம் கட்டியிருந்தது. அன்று மிச்சப் பகல் முழுக்க அவள் கட்டில் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. ஒவ்வொரு தடவை நர்ஸ் வயிற்றில் கருவியை வைக்கும்போதும் மூடியக்கா கண்ணை மூடிக்கொண்டாள். டிக் டிக்கென்று சத்தம் வந்தபிறகுதான் திறந்தாள். ஒரு தடவை சத்தம் கிடைக்கவில்லை. நர்ஸ் கருவியை இடம் மாற்றினாள், மறுபடி மாற்றினாள். தங்கையின் பாதிப் பின்னல் கண்முன் வந்து நின்றது. பிறகு, இடுப்போரத்தில் எங்கிருந்தோ, குதிரை ஓடுகிற மாதிரி அந்தச் சத்தம் வந்தது.

“திரும்பிப் படுத்திருக்கு, அவ்வளவுதான்” என்று நர்ஸ் சிரித்தாள். மூடியக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. கட்டில் கம்பியை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் மத்தியானம் தட்டணு இறங்குவது நின்றது. அதற்கடுத்த நாள் ஏறியது. மகள் கண்ணைத் திறந்து பசிக்கிறது என்றாள். அவள் நாலு வாய் கஞ்சி குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து மூடியக்கா சொன்னாள், மூடியை வைத்த இடத்தை, வைத்த காரணத்தை, பார்க்காமல் போட்ட வட்டத்தை. எதையும் விடவில்லை.

மகள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சம்பந்தியம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் காலைக் கடிக்குதுன்னு சொன்னேன்லம்மா?” என்றாள் மகள், சுவரைப் பார்த்தபடி.

“சொன்னே.”

மகள் இந்தப் பக்கம் திரும்பினாள்.

“தண்ணி குடு.”

மூடியக்கா டம்ளரைத் தூக்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து அடிவரை பார்த்தாள். அப்புறம் கொடுத்தாள்.

குழந்தை ஒன்பதாம் மாதம் முடிந்து பிறந்தது, பெண். மகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புருஷன் வீட்டுக்குப் போய்விட்டாள். அவ்வப்போது வருகிறாள், பின்பக்கம் உட்காருவதில்லை. அலுவலகத்தில் விசாரித்து, மூடியக்காவை அந்தத் தெருவிலிருந்து மாற்றி, ரயில்வே லைனுக்கு அப்பாலுள்ள தெருக்களைக் கொடுத்தார்கள். பழைய தெருவுக்குப் புதிதாக ஒரு பெண்ணைப் போட்டிருக்கிறார்கள். ஆனால் மூடியக்காவின் வீட்டை அந்தப் பெண் பார்ப்பதில்லை; அதற்கு டயர்க்காரர் மனைவியை இவளே கேட்டுக்கொண்டாள்.

மூடியக்கா இப்போதும் அதே வீட்டில்தான் இருக்கிறாள். செவ்வாய்க்கிழமை காலையில் டயர்க்காரர் மனைவி கரண்டியும் தட்டுமாகப் பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்து சுவரில் வட்டம் போடும்வரை, அவள் வாசற்படியில் உட்கார்ந்திருப்பாள்.